கார் ஆயில் குடித்த பைக்

ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற கண்ணாடிக்கடைக்காரருக்கு, தான் வாங்கிய பழைய பைக்குக்கு என்ன நோய் என்பது மட்டும் பத்து நாளாகப் பிடிபடவில்லை. முறுக்கினால் இஞ்சின் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கும். சக்கரமோ, யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல உருளும். சமதரையில் சமாளித்துவிடலாம். மேடு வந்தால் மானம் போகும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் மனைவி மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர வேண்டும். எட்டு வருஷம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை. அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. பைக் வாங்கியதே அதற்காகத்தான்.

சனிக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் கொழுந்தியாளின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மனைவியின் தங்கை பன்னிரண்டு வருஷமாக மெக்கானிக். வாங்கும்போது அவளைக் கேட்கவில்லை. "அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது, நாலு வீடியோ பார்த்த திமிர்.

"வாங்க மாமா. நீங்க வண்டிய ஓட்டுவீங்கன்னு நெனச்சேன், மேய்ச்சுக்கிட்டு வர்றீங்க?"

"சும்மா, ஒரு எக்சர்சைஸ்."

"உங்க வீட்ல எல்லாருக்கும் இப்ப எக்சர்சைஸ்தான் போலிருக்கு."

அவருக்கு அது விளங்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மூன்றாவது கியரில் கிளச்சை விட்டாள். ஒழுங்கான வண்டியென்றால் அங்கேயே இருமி அணைந்திருக்க வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கிளச் வழுக்குது. லீவர் ஏன் இப்படி விறைச்சு நிக்குது?"

"லூசா இருந்துச்சு. நான்தான் டைட் வச்சேன்."

"கொஞ்சம் லூஸ் இருக்கணும் மாமா. இல்லாட்டி கிளச்சை எப்பவும் பாதி அமுக்கிப் புடிச்ச மாதிரிதான்." கேபிளைத் தளர்த்தி மறுபடி சோதித்தாள். அப்படியும் அணையவில்லை. "ஆயில் எது ஊத்துனீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "எங்க அண்ணன் காருக்கு வாங்குன ஆயில். உசந்த ஆயில். பழைய வண்டியாச்சே, நல்ல சாப்பாடா போட்டுத் தேத்துவோம்னு..."

"சரியாப் போச்சு. கார்ல கிளச் காய்ஞ்ச எடத்துல தனியா இருக்கும். இதுல கிளச் பிளேட்டெல்லாம் இஞ்சின் ஆயில்லயே முங்கிக் கெடக்குது. ஒண்ணையொண்ணு கவ்விப் புடிச்சாத்தான் வண்டி நகரும். நீங்க ஊத்துனது வழவழன்னு இருக்கறதுக்குன்னே செஞ்சது."

"விலை ஜாஸ்தியாச்சே."

"விலை ஜாஸ்தின்னு அடுத்தவன் கண்ணாடிய மாட்டுனா கண்ணு தெரியுமா மாமா?"

அவர் தொழிலைக் கொண்டே அவரை அடித்துவிட்டாள். 

ஆயிலை வடித்து மூடியைக் கழற்றியதும் கருகல் வாடை குப்பென்று வந்தது. பிளேட்டுகள் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தன. அவள் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்தாள். அதில் புதுப் பிளேட்டுகள், பைக் ஆயிலில் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தன.

"இது யாரு வண்டிக்கு?"

"உங்க வண்டிக்குத்தான். முந்தாநாள் அக்கா போன் பண்ணா. மேட்டுல சத்தம் ஏறுது, வண்டி ஏறல, கருகுன வாடை வருதுன்னா. வேற என்னவா இருக்கும்? நேத்தே வாங்கி ஊறப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"அக்காதான் வேணாம்னா. 'அவரே வருவாரு, நாம சொன்னா மொகம் வாடிரும்'னா."

அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஆஸ்பத்திரிப் பாதையை ஒத்திகை பார்க்கப் போன மூன்று முறையும் மேட்டடியில் மனைவி இறங்கிக்கொண்டாள். "முட்டிக்கு நல்லது, நடந்தே வர்றேன்" என்றாள். அவர் நம்பியதோடு நிற்கவில்லை. முட்டி வலிக்கு என்னென்ன தைலம் என்று திரும்பும் வழியெல்லாம் பிரசங்கம் வேறு செய்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லை.

"டார்ச்சப் புடிங்க. என் மூஞ்சில இல்ல, பிளேட்டுல."

எல்லாம் மாட்டி, சரியான ஆயில் ஊற்றி, மறுபடி மூன்றாவது கியரில் கிளச்சை விட்டாள். இஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. வண்டி நின்றதற்காக அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். வேறு வந்தது.

"நீ நட்டை மூக்குக்கிட்ட கொண்டுபோய்ப் பாக்குற. ஒரு வருஷமாவே அப்படித்தானே?"

"ஆமா. உங்களத் தொந்தரவு பண்ணணுமான்னு..."

"நாளைக்குக் கடைக்கு வா. ஃபிரேம் நான் எடுத்து வைக்கிறேன்."

போகும்முன் ஸ்டூல் போட்டு ஏறி, மிச்சமிருந்த கார் ஆயிலை அவள் கடையின் கிறீச்சிடும் ஷட்டருக்கு விட்டார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

திங்கட்கிழமை விடியலில் மேட்டடி வந்ததும் பின்னால் மனைவியின் கால் இறங்கத் தயாரானது.

"உக்காரு."

"முட்டிக்கு..."

"உன் முட்டிக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். உக்காரு."

 தோளைப் பிடித்திருந்த அவள் கை ஒரு அழுத்து அழுத்தியது. வண்டி சத்தம் போடாமல் ஏறியது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது ஆறு மணி ஆவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.