பச்சையில் நின்ற முள்

"லாரி ஏறினா வேருக்கு மூச்சு முட்டாதாம்மா?" என்று மாரிசெல்வியின் மகள் ரோஜா ஒருநாள் கேட்டாள். அன்றைக்குச் சிரித்த மாரிசெல்விக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அச்சங்குளத்தில் ஷெட் கட்டிய பட்டாசுக் கம்பெனி மூன்று மாதமாக அவளுடைய ஒன்றரை ஏக்கர் கரிசலின் குறுக்கே லோடு லாரி விட்டிருந்தது. மண் இறுகியிருந்தால் பருத்தி விதைப்புக்கு முன் உளிக்கலப்பையால் ஆழ உழுது தருவதாக மேனேஜர் காளீஸ்வரன் எழுதிக் கொடுத்திருந்தார்.

இறுக்கத்தை அளக்க உழவர் சங்கத்தில் ஒரு கருவி இருக்கிறது. இடுப்புயர எஃகுக் கம்பி. கீழே கூர்முனை, மேலே கைப்பிடியும் கடிகார முகமும். முள் பச்சையில் நின்றால் வேர் இறங்கும், சிவப்புக்குப் போனால் இறங்காது. மழை பெய்த மறுநாள் குத்த வேண்டும். காய்ந்த கரிசலில் குத்தினால் எல்லாமே சிவப்புதான்.

மழை பெய்த அன்று மாரிசெல்விக்குக் காய்ச்சல். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மூத்த ஓரகத்தி சண்முகத்தாய்தான் மறுநாள் காலையில் அரைநாள் லீவு போட்டுக் குத்தினாள். பத்து இடம், பத்தும் பச்சை. அளவைக் குறித்த தாளை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். "மண்ணு நல்லாத்தான் இருக்கு, உழவு கிடையாது" என்று மத்தியானம் அவரிடமிருந்து மாரிசெல்விக்குப் போன் வந்தது.

சாயங்காலம் கம்பெனி வேன் நின்றதும் மாரிசெல்வி படிக்கட்டிலேயே மறித்தாள்.

"கம்பெனிச் சோறு கண்ண மறைச்சிருச்சோ? எம் பிள்ள வயித்துல அடிச்சிட்டீகளே!"

"எறங்கவாவது விடு தாயி, பெறகு சண்ட போடுங்க" என்றாள் வேனுக்குள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏட்டி, அளந்து பேசு" என்றாள் சண்முகத்தாய்.

"ஒங்களுக்குத்தான் அளக்கத் தெரியலையே! வாங்க, எங் கண்ணு முன்னால குத்துங்க."

காய்ச்சல் உடம்போடு ஓரகத்தியை வயலுக்கு இழுத்துப் போனாள். சண்முகத்தாய் கம்பியை ஊன்றினாள். அரைச் சாண் இறங்கியது. முட்டியதும் கை விலகிக்கொண்டது. முள் பச்சையில்.

"ஏன் நிறுத்துனீக?"

"முட்டுதுல்ல?"

"முட்டுனா அமுக்கணும்க்கா!"

"அமுக்கவா? இருவது வருசமா வெடிமருந்து ரூம்ல இருக்கேன். எது முட்டுனாலும் கைய எடு, அழுத்துனா உசுரு போயிரும்னு மொத நாளே சொன்னாக. கை தானா வந்திருதுட்டி."

மாரிசெல்வியின் கோபம் அடங்கவில்லை. போக்கிடம் தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. கைப்பிடியை வாங்கி, குலுக்காமல், ஒரே சீராக அமுக்கினாள். முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில் ஏறியது. பத்து இடத்திலும் அப்படியே. அதை இன்னொரு தாளில் எழுதி மேனேஜருக்கு அனுப்பினாள்.

"ரெண்டு தாள்ல எத நம்ப?" என்றார் காளீஸ்வரன் போனில்.

"மண்ண நம்புங்க சார். ஈரம் காயுறதுக்குள்ள வந்து நீங்களே அமுக்கிப் பாருங்க!"

விடிந்ததும் வந்தார். அமுக்கினார், வேர்த்தார், சிவப்பைக் குறித்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் உளிக்கலப்பை வந்தது.

மாரிசெல்வி கம்பியின் சேற்றைத் துடைத்து, உலர்த்தி, முனையில் எண்ணெய் தடவி, துணி சுற்றிச் சங்கத்தில் ஒப்படைத்தாள். கொட்டிய சொல்லை அள்ளத்தான் ஆண்டவன் முறம் தரவில்லை. சண்முகத்தாய் எதுவும் கேட்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. அதுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை வேன் புறப்பட்டுப் போன பிறகு மாரிசெல்வி தனியாக ஓரகத்தியின் உளுந்துக் காட்டுக்குப் போனாள். உச்சி வெயில்வரை குனிந்து களையெடுத்தாள். பிடுங்கிய களையை வரப்பில்கூடப் போடாமல், கூடையில் அள்ளிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஓடைப் பக்கமாகவே வீடு திரும்பினாள்.