எப்சியின் துப்பாக்கி

செம்பாக்கத்தில் மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பனிக்கரடி திரியும் வடதுருவத் தீவுக்கு ஆராய்ச்சிக்காகப் போன மகள் எப்சி, வீடியோ அழைப்பில் இரண்டு துப்பாக்கிகளைக் காட்டினாள். பள்ளியில் என்.சி.சி. நடத்தி ஓய்வுபெற்ற அப்பா வேதசிரோமணிதான் எதை எடுத்துப்போவது என்று சொல்ல வேண்டும்.

"பெரிய ரைஃபிள்தான் கரடியை நிறுத்தும். நேத்து அதைத்தானே எடுத்துட்டுப் போனே?"

"போனேன்ப்பா. ஐஸ் தோண்டி களைச்சுட்டேன். வெயிட் தாங்கல. படகுலயே வச்சுட்டு நடந்தேன்."

அவருக்குத் திட்டவும் தெம்பில்லை. திரும்பி வந்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தார்.

"அப்ப சின்னதை எடு."

"அது கரடியை நிறுத்துமா?"

"கிட்ட வந்தா நிறுத்தும். படகுல கிடக்கறது எதையும் நிறுத்தாது."

எப்சி சின்னதைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழைப்பு முடிந்தது.

"கிட்டன்னா எவ்வளவு கிட்ட?" என்று கேட்டாள் மனைவி ரத்தினபாய்.

"சாப்பிடலாம் வா," என்றார்.