என்ன பார்த்தீங்க?

எட்டோஷா வனவிலங்குச் சரணாலயத்தில் எதிரே வரும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்பது வழக்கம். பார்த்ததைச் சொல்லாமல் போகிறவனைக் கஞ்சன் என்பார்கள். காண்டாமிருகத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கொம்புக்காகக் கொல்ல அலைகிறவன் எந்த வண்டியில் வருவான் என்று யார் கண்டது?

என் புருஷன் ஹஃபேனி சொல்லிவிட்டான்.

கருப்புக் காண்டாமிருகத்தைக் குட்டியோடு படமெடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக அவனுக்கு ஒரே பித்து. அன்று காலை ஒரு குட்டையோரம் தாய் கிடைத்தது, குட்டி முட்புதரை விட்டு வெளியே வரவில்லை. வெயிலும் நேரே லென்ஸில் அடித்தது. காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்பதால் நான் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தேன். கடைசியில் முகாமுக்குப் போய்விட்டு, வெயில் சாய்ந்ததும் அதே குட்டைக்குக் கிளம்பினோம். வழியில்தான் அந்த வெள்ளைப் பிக்கப் எதிரே வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர்.

"என்ன பார்த்தீங்க, டாட்டே?" ஓட்டினவன் ஐயா போட்டு மரியாதையாகத்தான் கேட்டான்.

"காண்டாமிருகம். குட்டியும் இருக்கு. இங்கேருந்து ரெண்டாவது குட்டை," என்றான் ஹஃபேனி, ஏதோ தன் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி.

"அங்க வேற வண்டி நிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். பிக்கப் போகாமல் ஓரம்கட்டி நின்றது.

"அவங்ககிட்ட கேமரா இல்ல," என்றேன்.

"செல்போன்ல எடுப்பாங்க."

"வேற வண்டி இருக்கான்னு எதுக்குக் கேட்டான்? உன் வாயைக் கொஞ்சம் மூடி வச்சா என்ன குறைஞ்சிடும்?"

"உங்கப்பா போலீஸ்ல இருந்தாரு. உனக்கு ஊர்ல எல்லாரும் திருடன்."

ஆனாலும் வாயிலிருந்த உப்புக்கண்டத்தை மெல்வதை நிறுத்திவிட்டான். வனக்காவலர்களைக் கூப்பிடலாமென்று செல்போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

குட்டையில் தாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குட்டி அதன் வயிற்றை உரசிக்கொண்டு நின்றது. படம் கலங்காமலிருக்க ஹஃபேனி இன்ஜினை அணைத்தான், ஜன்னலில் பயறு நிரப்பிய சின்னப் பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தான். தாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அப்படியொரு வெளிச்சம்.

பின்னால் புழுதி கிளம்பியது.

"வர்றாங்க," என்றேன்.

அவன் விரல் பொத்தான்மேல் இருந்தது. எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவன் கேமராவை விட்டுவிட்டு ஹாரனில் கை வைத்து, எடுக்காமல் அழுத்தினான். காட்டில் ஹாரன் அடித்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், அது அவனுக்கும் தெரியும். தாய் சீறித் திரும்பியது. குட்டி அதன் பின்னால் ஓடி, இரண்டும் முட்காட்டுக்குள் மறைந்தன. அப்புறமும் அவன் கையை எடுக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவனை அவ்வளவு பிடித்ததில்லை எனக்கு.

பிக்கப் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. அந்த இரண்டு பேரும் குட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை எடு," என்றேன்.