இரண்டாம் மனை

பத்திரம் எழுதும் செந்தூர்பாண்டி, கலையரசியின் வீட்டுப் பத்திரத்தையும் மனை வரைபடத்தையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாக அதையே கேட்டார்.

"அக்கா, ரோட்டுல இருந்து எத்தனாவது வீடு உங்களுது?"

"ரோட்டை ஒட்டி காலி மனை. அடுத்து நேசையா அண்ணாச்சி வீடு. அதுக்கடுத்து எங்க வீடு. அங்கன வாய்க்காலை ஒட்டி இன்னொரு காலி மனை."

"அப்போ நீங்க இருக்கது மூணாம் மனை. பத்திரம் ரெண்டாம் மனைக்குல்லா இருக்கு! பேப்பர்ல நேசையா வீடுதான் உங்களுது. உங்க வீடு அவருக்கு."

கலையரசிக்குப் பிடிபட்டது. அவள் வீட்டுக்காரரும் நேசையாவும் ஒரே பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர்கள். நடு மனை இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அப்போது ரோடு கிடையாது. வாய்க்கால் கரை வழியாகத்தான் வரவேண்டும். வந்த பக்கமிருந்தே ஒன்று, இரண்டு என்று எண்ணி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் வீட்டுவரி கட்டியும் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பேருக்கு எழுதிவைக்க வந்த இடத்தில் இப்படி.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்து, மனையை மாத்திக்கிட்டதா பரிவர்த்தனைப் பத்திரம் போட்டா சரியாயிரும். அவரு கையெழுத்து இல்லாம மகளுக்கு ஒரு செங்கலைக்கூட எழுத முடியாது."

நேசையாவோடு பேச்சு நின்று ஆறு வருஷம். அவள் வைத்த முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி அவர் அடுப்படிக்குள் வந்ததில் மூண்ட சண்டை. பஸ்ஸில் வரும்போது, கையெழுத்துப் போடுவாரோ என்ற பயத்தைவிட வேறொன்றுதான் அவள் மனசைக் குடைந்தது. என் பேரில் இருக்கிற அந்த வீட்டுக்குள்ளே எப்படி இருக்கும்? அடுப்படி எந்தத் திசை? பரண் இருக்குமா?

கதவைத் திறந்த நேசையா, அவள் விஷயத்தைச் சொல்லி நீட்டிய பத்திரத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து தன் பத்திரத்தையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அந்த முருங்கை நிக்கது என் இடத்துலயா?"

"ஆமா அண்ணாச்சி."

"என் மரத்துப் பூச்சிக்கா உன்கிட்ட அந்தச் சண்டை போட்டேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கையெழுத்து இன்னும் விழவில்லையே.

"வா, உள்ள வந்து உன் வீட்டைப் பாரு."

அடுப்படி கிழக்கே இருந்தது. பரண் இல்லை. அங்கிருந்த ஒரே சன்னலை ஆணியடித்து மூடியிருந்தார். கத்தியால் நெம்பி ஆணிகளைப் பைய பிடுங்கினார். சன்னல் கதவு விரிந்ததும் காய்ந்த முருங்கைப் பூ அடுப்பு மேடையில் கொட்டியது. எதிரே தன் வீட்டுக் கொடியில் தன் பச்சைச் சேலை ஆடுவதை, யாருடைய வீட்டையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள் கலையரசி.

"பதிவாபீஸுக்குத் திங்கக்கெழமை வாரேன்," என்றார் நேசையா. "அதுவரைக்கும் மரம் என்னுது, பாத்துக்க."

கம்பிக்கு வெளியே கையை நீட்டி, எட்டிய கிளையிலிருந்து ஒரு காயை ஒடித்தார்.