விரத மாதத்தில் ஒரு மிடறு

பீரைச் சுவைத்துவிட்டுத் துப்பிவிட முடியாது. ஒயினைச் சுவைத்து மதிப்பிடுபவர்கள் துப்புவார்கள். பீரின் கசப்போ தொண்டையில் இறங்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். சிங்கப்பூரின் ஜூரோங்கில் வெளிநாட்டு பீர்களை இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில், எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்வது சுசீலாவின் வேலை. இத்தனை வருடமும் அவள் விழுங்கித்தான் சம்பாதித்தாள்.

தைப்பூச விரதம் தொடங்கியதிலிருந்து துப்பினாள். தம்பி கபிலன் குடியை விட்டிருந்தான். இந்த வருடம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். "நான் பால்குடம் எடுக்கிறேன்டா, ரெண்டு பேரும் சேர்ந்தே விரதம் இருப்போம்" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"உன் வேலை எப்படிக்கா?"

வேலை வேறு, குடி வேறு என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "ஒரு சொட்டு உள்ள போகாது" என்றாள்.

அவள் முகர்ந்து, நாக்கில் புரட்டித் துப்புவாள். கூட வேலை பார்க்கும் சுரேந்தர் விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வான். அப்படியே சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் சுரேந்தரை ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வாரம்தான் பிரிட்டனின் வேல்ஸிலிருந்து ஏல் வகை பீர் ஒன்று வந்தது. பண்ணையை ஒட்டி ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் சின்ன புரூவரி. கொஞ்சமாகத்தான் காய்ச்சுவார்கள்.

"இன்னைக்கே பதில் சொல்லணும்லா. வேற கம்பெனியும் கேக்குது" என்றார் முதலாளி ஞானசேகரன், கிளாஸை நகர்த்தியபடி. "உனக்கு விரதம்னு தெரியும். அதான் கம்மியா ஊத்தியிருக்கேன்."

"கம்மியா குடிச்சா விரதமா சார்?"

"சரி, நீ துப்பிக்கோ. கசப்பை நான் சொல்றேன்."

"உங்களுக்கு எல்லாமே பாகற்காய்தான் சார்."

அவர் சிரித்தார். அவள் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். சுட்ட ரொட்டியின் ஓரம். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம். அதற்கும் அடியில், என்னவென்று பிடிபடாமல், ஈரமாக ஏதோ ஒன்று. வாயில் வைத்தாள். நாக்கில் புரட்டினாள். துப்பும் வாளி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

விழுங்கினாள்.

மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். வேலைப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விழுங்குவதற்குச் சற்று முன்பு ஒரு கணம் இருந்தது. அதை அவள் பார்த்தாள். வாளியும் தெரிந்தது, தம்பியின் முகமும் தெரிந்தது, தெரிந்தபடியே தொண்டை திறந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது: இன்னொரு வாய் வேண்டும். வேலைக்காக இல்லை. அவளுக்கு வேண்டும். இத்தனை பாட்டில்களுக்கு நடுவில் இருந்தும், இப்படி ஓர் ஆசை தனக்குள் இருப்பதை அவள் அறிந்ததே இல்லை. விரதம் இருந்ததால்தான் அது வெளியே வந்து நின்றது.

"எப்படி?" என்றார் ஞானசேகரன். அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"நல்லா இருக்கு சார். வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வீடு இருக்கும் ஈசூனுக்குப் போகும் ரயிலில், சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். யாருக்கும் தெரியாது. சொன்னால், அக்காவே விரதத்தை விட்டுவிட்டாள், நான் மட்டும் எதற்கு இருக்க வேண்டும் என்று அவன் நினைத்துவிட்டால்? அவனைக் காப்பாற்றுவதற்காக மறைப்பது பொய்யாகுமா? அந்த நியாயம் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கபிலன் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"கபிலா, இன்னைக்கு விழுங்கிட்டேன்."

கரண்டி நின்றது. "சுரேந்தர் வரலையா?"

"வரல. ஆனா அதனால இல்லடா. துப்பியிருக்கலாம். துப்பல."

அவன் அடுப்பை அணைத்தான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: "எப்படி இருந்துச்சு?"

மட்டம் என்று சொன்னால் போதும். அவன் குரலில் இருந்தது அக்கறை மட்டுமல்ல, ஏக்கமும்தான் என்று இன்றைக்குத்தான் அவளுக்குக் கேட்டது.

"நல்லா இருந்துச்சு. இன்னொரு வாய் வேணும்போல இருந்துச்சு."

"எடுத்தியா?"

"இல்ல. டாய்லெட்ல போய் நின்னுட்டேன்."

கபிலன் திரும்பினான். சிரிப்பு மெல்ல அவன் தோளிலிருந்து தொடங்கியது. "ஆசை வந்தா நானும் அங்கதான்க்கா நிப்பேன். ஆபீஸ்ல எல்லாரும் எனக்கு வயிறு சரியில்லன்னு நினைச்சிட்டிருக்காங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் இனிமே பால்குடம் எடுக்கலாமாடா?"

"என்னையா கேக்குற?" தட்டுகளை எடுத்து வைத்தான். "சாமி என்ன நினைக்கும்னு எனக்குத் தெரியாது. விழுந்தா காலைல குளிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்கணும். அது மட்டும் நல்லாத் தெரியும்." சோற்றைப் போட்டான். "அடுத்த தடவை அப்படி இருந்தா எனக்கு போன் பண்ணு."

"பண்ணி என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. நீ உன் டாய்லெட்ல நில்லு, நான் என் டாய்லெட்ல நிக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினாள்.