நான்கு அங்குலம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாங்கள் தைத்து அனுப்பிய முந்நூற்று இருபது நர்ஸ் உடுப்புகளும் அதே பெட்டிகளில் திரும்பி வந்து இறங்கின. மேல் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லா சைஸும் பெரிது, ஒன்றுகூடப் போட முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி ஒரு மீடியம் சட்டையை எடுத்து வெட்டும் மேஜையில் விரித்து டேப் வைத்தார். இடுப்புச் சுற்றளவு நான்கு அங்குலம் அதிகம். இன்னொன்றை எடுத்தார். அதுவும் நான்கு. மூன்றாவதை அளக்கும்போது தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. அந்த நான்கு அங்குலம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

என் வேலை பட்டன் வைப்பது. ஆனால் அங்கே என்னை எல்லோரும் கூப்பிடுவது மீடியம் என்றுதான். புது டிசைன் வந்தால், கட்டிங் மாஸ்டர் முதல் சட்டையை என் மேல் மாட்டிப் பார்ப்பாள். என் உடம்புக்குச் சரியாக இருந்தால் அதுதான் மீடியம். அதை வைத்து மாதிரி அட்டை வெட்டி, அந்த அட்டையைக் கூட்டியும் குறைத்தும் மற்ற சைஸ்களைப் போடுவாள். அளவுத் தாள் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் தாளை நம்பமாட்டாள். "பேப்பர் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது" என்பாள்.

அவளுக்கு நாங்கள் வைத்த பேர் கத்திரி. கைக்கும் பொருந்தும், வாய்க்கும் பொருந்தும். ஒன்பது வருஷம் நானும் அவளும் நகமும் சதையும். சட்டையை மாட்டிவிட்டு என் விலாவில் ஒரு குத்து குத்துவாள். "மூச்ச உள்ள இழுக்காதடி, திருட்டு முழி முழிக்காத. நேத்து எத்தன ஐஸ்க்ரீம் உள்ள போச்சு?" அரை அங்குலம் ஏறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். நான் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வேன். அவள் நம்பமாட்டாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். என்னிடம் மட்டும் சொன்னாள். என் வாய்க்கு ஏது பூட்டு? அன்று ராத்திரி சாப்பிடும்போது என் அக்காவிடம் சொன்னேன். பரிதாபப்பட்டுத்தான் சொன்னேன். அக்கா யாரிடமோ சொல்ல, ஒரே வாரத்தில் சுற்றி வளைத்து எங்கள் வேலைக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. இஸ்திரி போடும் அக்கா எல்லோர் எதிரிலும், "என்னம்மா, அவர் திரும்பி வந்துட்டாரா?" என்று கத்திரியைக் கேட்டுவிட்டாள். கத்திரி நேராக என் மேஜைக்கு வந்தாள். "உன்கிட்ட சொன்னதுதான் என் தப்பு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன், கடிதம் எழுதினேன், அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

பேச ஆள் இல்லாத வாய்க்கு நான் வேறு வேலை கொடுத்தேன். பசி என்று சொன்னால் பசி கோபித்துக்கொள்ளும். வேலை விட்டுப் போகும் வழியில் ஒரு பாக்கெட் ரொட்டி வாங்குவேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடி முதலில் ஜாம் தடவித் தின்பேன், அப்புறம் ஜாம் இல்லாமல், கடைசியில் அந்த ஓரத் துண்டுகளையும். கிரீம் பிஸ்கட் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். மதியச் சாப்பாட்டைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து விழுங்குவேன். ஞாயிறு முழுக்கப் படுக்கைதான். தலை வாரக்கூடத் தோன்றாது. எடை பார்க்கும் மெஷினைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எலாஸ்டிக் வைத்த பேன்ட் இருக்கிறவரை எனக்கு என்ன கவலை?

போன மாதம் அவள் நர்ஸ் சட்டையோடு வந்தாள். ஒரு வார்த்தை இல்லை. கையை நீட்டினேன், மாட்டிவிட்டாள். இடுப்புப் பட்டன் எட்டவில்லை. அவள் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நான் பெருத்துட்டேன், மாஸ்டர், தாள்ல இருக்கிற அளவையே வெச்சுக்கோ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வெட்கம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், அதைவிட ஆசை. மூன்று மாதம் கழித்து அவள் விரல் என் மேல் பட்டது. அந்த ஐந்து நிமிஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, லூஸ் விட்டு, ஊசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு போனாள். அந்தக் கோட்டை வைத்துத்தான் அட்டை வெட்டினாள்.

"ட்ரையல் பாத்தது யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான் சார்" என்றாள் கத்திரி.

"மீடியத்துக்கு என்ன அளவுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன எப்படிம்மா இது?"

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். "நாளைலேருந்து வரவேணாம்" என்றார் அவர். அவள் டேப்பை மேஜையில் வைத்தாள். என் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. என் பேரை இழுக்காமல் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரத்திலும், வெட்கம்கெட்டு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன். "சார், தப்பு என்னுது. நாலு மாசமா கண்டதையும் தின்னு பெருத்துட்டேன். சட்டை இறுக்குனது எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லல. அவங்கள அனுப்பாதீங்க."

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் உக்காந்து பிரிங்க. வியாழக்கிழமைக்குள்ள அத்தனையும் பிடிச்சுத் தெச்சாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வேலை பிழைத்தது.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம். பத்துச் சட்டை ஆனபிறகு எனக்குத் தைரியம் வந்தது.

"என்னைக் காட்டிக் கொடுக்காம நின்னியே" என்றேன்.

"உனக்காக நிக்கல." அவள் நிமிரவில்லை. "நீ பெருத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். கை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

நான் பிரிப்பதை நிறுத்தினேன். "தெரிஞ்சேவா வெட்டுன? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ அழுவ. அழுதா நான் பேசணும். உன்கிட்ட பேச வேணாம்னு இருந்துச்சு. சட்டை கொஞ்சம் லூஸா போனா யாரு கேக்கப்போறான்னு வெட்டிட்டேன்."

முந்நூற்று இருபது சட்டை. அத்தனையும் பாழாய்ப் போகட்டும், இவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்திருக்கிறாள். என் கையில் இருந்த பிளேடு நழுவிக் கீழே விழுந்தது. அவளே எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இப்பவும் அப்படித்தானா?" என்றேன்.

அவள் ஒரு தையலை மேலிருந்து கீழ்வரை முழுசாகப் பிரித்து முடித்தாள். "இப்பவும் அப்படித்தான். உன்மேல கோபம்கூட இல்ல. முடியல, அவ்வளவுதான்." அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, "ஆனா தின்னு ஒடம்பக் கெடுத்துக்காத. அதையும் கொண்டுவந்து என் தலையில கட்டாத" என்றாள்.

நான்கு மாதமாக, அவள் ஒருமுறை பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். பேசிவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் துணிக்கட்டுகளின் பக்கம் போகவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிடும் அறைக்குப் போய் இஸ்திரி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது வாயிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா தண்ணீரை என் பக்கம் தள்ளினாள். "என்னம்மா, காரமா?"

"இல்லக்கா" என்றேன். "அவ என்னை விட்டுட்டா."