மண்ணாங்கட்டிக்கு மார்பியா

1951ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் இருபத்தொன்றாம் நாள், புதன்கிழமை. விடியற்காலை முதலே தூறல் விட்டபாடில்லை. வாடைக்காற்று கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிவந்து இராயபுரத்துச் சுவர்களின்மேல் அப்பிக்கொண்டிருந்தது. இத்தகைய வானிலை மூச்சிரைப்பு நோயாளர்க்குக் கூற்றுவன் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே, துறைமுகத்தை அடுத்திருந்த அச்சிறு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் பன்னிரண்டு படுக்கைகளும் நிரம்பியிருந்தன.

அன்றைய பகற்பொறுப்பு செவிலி இருதயம்மாளுடையது. செவிலியர் பதிவேட்டில் அவள் பெயர் ஏறி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. மருத்துவர் சங்கரநாராயணனுடன் அறுவை அறைக்குச் சென்ற தலைமைச் செவிலி, நச்சு மருந்துப் பெட்டியின் சாவியையும், மருத்துவர் எழுதிய ஒரு சீட்டையும் அவளிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தார். சீட்டில் கண்டது இவ்வளவே: 'மண்ணாங்கட்டி. மார்பியா கால் கிரெயின்.'

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்திற்கு அவள் ஊசியை ஏந்திக்கொண்டு வாயிலில் நின்றாள். அவ்வார்டின் வழக்கப்படியே உரக்கக் கூப்பிட்டாள்.

"மண்ணாங்கட்டி யாருங்க?"

பன்னிரண்டாம் படுக்கையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நான்தாம்மா."

அவள் ஊசியைப் போட்டாள். மருந்துப் பதிவேட்டில் பெயரையும் நேரத்தையும் குறித்துக் கையொப்பமும் இட்டாள்.

அரைமணி கழிந்திருக்கும். பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் மனைவி சொக்கம்மாள், காசிமேட்டில் மீன் விற்பவள், முகமெல்லாம் மலர்ச்சியாக அவளிடம் வந்தாள்.

"நல்லா இருப்பம்மா நீ. மூணு நாளா மூச்சு இழுத்துகினு கண்ணே மூடாத மனுசன். நீ ஊசி போட்டே பாரு, கொயந்த மாரி தூங்கறாரு."

இருதயம்மாள் புன்னகைக்க வாயெடுத்தாள். அதற்குள் ஏழாம் படுக்கையிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. கப்பலில் சரக்கு இறக்குகையில் இரும்புச் சங்கிலி விழுந்து காலெலும்பு நொறுங்கியவன் அவன்.

"இன்னாமே ஆஸ்பத்திரி இது! டாக்டரு ஊசி போடச் சொல்லி ஒரு மணி நேரமாச்சி. கத்திக் கத்தி மயக்கமே வந்து, இப்பத்தான் கண்ணு முழிச்சேன். என் ஊசி எங்கமே?"

"உங்க பேரு?"

"மண்ணாங்கட்டி."

அவள் பன்னிரண்டாம் படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா முழிக்கிறே? எங்க குப்பத்துல மட்டும் நாலு மண்ணாங்கட்டி கீறானுங்க. ஒர்த்தனக் கூப்ட்டா நாலு பேரு ஓடியாருவோம்."

முன்பிறந்த குழந்தைகள் தங்காமற்போன வீடுகளில், அடுத்துப் பிறப்பதை எமன் ஒரு பொருட்டாக எண்ணக்கூடாதென்று குப்பை, மண்ணாங்கட்டி என்று பெயரிடுவர். அவளும் அத்தெருக்களில் வளர்ந்தவள்தான், அறியாதவள் அல்லள். எனினும் சீட்டில் எழுதப்படாத படுக்கை எண்ணை அவள் கேட்கவில்லை. கட்டிலில் தொங்கிய அட்டையையும் பார்க்கவில்லை.

ஓடிப்போய்ப் பன்னிரண்டாம் கட்டிலருகே நின்றாள். மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்திற்கு எட்டு மூச்சு. எட்டாவது மூச்சு வருமோ வராதோ என்று வந்தது. உதடுகள் நாவற்பழத் தோலின் நிறத்தை அடைந்துகொண்டிருந்தன. மார்பியா வலியை மட்டும் உறங்கச் செய்வதன்று; மூச்சிரைப்புக்காரனின் மூச்சையும் சேர்த்தே உறங்கவைக்கும்.

"சேசுவே!" என்றாள்.

வார்டு ஆயா காத்தூன் பீவி அருகில் வந்தாள். "இன்னா நர்ஸம்மா, மூஞ்சி சுண்ணாம்பு மாரி வெளுத்துப் பூட்ச்சி?"

இருதயம்மாள் நடந்ததைக் காதோடு கூறினாள். ஆயா ஒரு கணமும் தயங்கவில்லை.

"வாய மூடு. புக்குல மண்ணாங்கட்டின்னு பேரு மட்டுந்தான கீது? ஏழாம் நெம்பருக்குப் போட்டதா நெனச்சுக்குவாங்க. அப்டியே வுட்டுடு. இவருக்கு எளப்பு முத்திப் போச்சின்னு நான் டாக்டராண்ட சொல்லிக்கிறேன். உன் வேல போனா உங்கம்மாவுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

அச்சொற்கள் அவளுக்கு இனித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. செவிலியர் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படுவது, காவல் நிலையம், நீதிமன்றக் கூண்டு என ஒவ்வொன்றும் கண்முன் வந்து நின்றது. ஆயினும், இரைப்பு என்று கேள்விப்பட்டால் மருத்துவர் தையலை முடித்துவிட்டே வருவார். வந்தாலும் இரைப்புக்குரிய மருந்தையே தருவார். அதற்குள் எட்டு மூச்சு நான்காகும். முதலில் மூச்சு, பிறகு ஏழாம் படுக்கையின் வலி, தன்னுடைய கதி எல்லாவற்றிற்கும் பின்னால்: இவ்வரிசையைப் பயிற்சிக் காலத்தில் நூறு முறை ஒப்பித்தவள், இன்றுதான் முதன்முறையாக அதன் முன்னே நடுங்கினாள்.

"பீவிம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லணும். இருதயம்மா தப்பு பண்ணிட்டா, ஆஸ்துமாக்காரருக்கு மார்பியா போட்டுட்டா, மூச்சு எட்டு, கொரமின் எடுத்துகிட்டு உடனே வாங்கன்னு. என் பேரச் சொல்லு."

"உன் பேர நான் சொல்லமாட்டேன் கண்ணு."

"பேரச் சொன்னாத்தான் ஓடி வருவாரு. போ!"

காத்தூன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

இருதயம்மாள் நோயாளியை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக் கன்னத்தில் தட்டினாள். சொக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா எயுப்பறே? தூங்கட்டுமே பாவம்."

"தூங்கக்கூடாதும்மா. வேற ஆளுக்குப் போட வேண்டிய ஊசிய நான் இவருக்குப் போட்டுட்டேன். தூங்கினா மூச்சு நின்னுடும்."

சொக்கம்மாள் அவளை விழித்துப் பார்த்தாள். "அடிப்பாவி!" என்றாள். அடுத்த நொடியே கணவனின் இரு கன்னங்களிலும் மாறி மாறி அறைந்தாள். "யோவ்! எய்ந்திரு யோவ்! வல நனைஞ்சிகினு கீது, நீ இங்க தூங்கறியா? மூச்ச வுடுய்யா!"

அவர் ஒருமுறை இழுத்து மூச்சு விட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. இருதயம்மாள் அவரைக் கிடத்தி, செயற்கை மூச்சூட்டும் முறைப்படி அவருடைய இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி மார்போடு அழுத்தினாள், தூக்கினாள், அழுத்தினாள். ஏழாம் படுக்கைக்காரன் கத்துவதை நிறுத்திவிட்டு, பற்களைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவர் இரத்தக்கறை படிந்த அங்கியுடனேயே ஓடிவந்தார்; பின்னாலேயே தலைமைச் செவிலியும் வந்தார். மூச்சைத் தூண்டும் கொரமின் நரம்பில் ஏறியது. பிராணவாயு உருளை தரையில் உரசிக்கொண்டு வந்தது. மருத்துவரும் முறை மாற்றி அக்கைகளைத் தூக்கி அழுத்தினார். இடையில் இருதயம்மாள்தான் பேசினாள்.

"ஏழாம் நம்பருக்கு இன்னும் மார்பியா போடல டாக்டர்."

"ஏம்மா, என் ஊசிய அவன் வாங்கிகினானே, என் காலு ஒடஞ்ச வலியும் அவனுக்கே பூடும்னு நெனச்சியா?" என்றான் அவன். தலைமைச் செவிலி அட்டையைப் பார்த்து, எண்ணை வாய்விட்டுப் படித்து, அவனுக்கு ஊசி போட்டார்.

"சீட்டு எங்கே?" என்று மருத்துவர் கேட்டார். வாங்கிப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூச்சு பத்தாயிற்று, மீண்டும் ஒன்பதாயிற்று. இரண்டாம் முறை கொரமின் ஏற்றியபின் பதினொன்று. இருதயம்மாள் மேசைமுன் அமர்ந்து ஒரு தாளில் எழுதினாள்: 'மணி 2.10. பன்னிரண்டாம் படுக்கை நோயாளருக்கு மார்பியா தவறுதலாகப் போட்டேன். பெயரைக் கூப்பிட்டேன், அட்டையைப் பார்க்கவில்லை. சீட்டில் படுக்கை எண் இல்லை, நானும் கேட்கவில்லை.' ஏழாம் படுக்கைக்குப் போட்ட ஊசிக்குத் தலைமைச் செவிலி பதிவேட்டில் தனியே கையொப்பமிட்டார்.

மருத்துவர் அவள் எழுதியதை நின்றவாறே படித்தார். 'சீட்டில் படுக்கை எண் இல்லை' என்ற வரியை மீண்டும் படித்தார். பின்னர்ப் பையிலிருந்து சீட்டை எடுத்து, குண்டூசியால் அத்தாளோடு சேர்த்துக் குத்தினார்.

"மேலே அனுப்பத்தான் வேணும். என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது. சாவியைக் குடுத்துடு," என்றார்.

அவள் சாவியைத் தலைமைச் செவிலியிடம் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் கண்ணைத் திறந்து, "யார்மே என்ன அறைஞ்சது?" என்றார்.

"நான்தான்யா," என்ற சொக்கம்மாள் அழத் தொடங்கினாள். இருதயம்மாள் மூச்சை எண்ணக் குனிந்தபோது, சொக்கம்மாள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ தொடாதே. வேற யார்னா எண்ணட்டும்."

இருதயம்மாள் விலகி நின்றாள். தலைமைச் செவிலி குனிந்து எண்ணினார்: பதினாறு. மாலை நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.